மரத்துப்போகும் ஊசியும் தமிழ் பேசும் நோயாளியும்: மயக்க மருந்து மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசிய மருத்துவமனைகளின் மயக்க மருந்துப் பிரிவு மருத்துவர்களுக்கு,

வணக்கம். பினாங்கு மாநிலத்து அறுவைக் கூடங்களில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பக்கத்தில் நின்று மருந்து எடுத்துக் கொடுத்தும், கட்டிலை ஏற்றி இறக்கியும், மானிட்டரைப் பார்த்துக்கொண்டும் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன். அந்த உரிமையில் ஒரு கோரிக்கை. கோரிக்கையை முதலில் வைத்துவிடுகிறேன், காரணங்களுக்கு அப்புறம் வருகிறேன்.

முதுகு ஊசியோ, தோள், கை, கால் மரத்துப்போக நரம்போரத்தில் போடும் ஊசியான பிளாக்கோ போடப்போகும் நோயாளி தமிழ் மட்டுமே சரளமாகப் பேசுபவர் என்றால், அந்த ஊசி அவருடைய இதயத்தை என்ன செய்யக்கூடும், உடம்பில் எது தெரிந்தால் உடனே வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதை ஊசிக்கு முன்னால் தமிழில் சொல்லுங்கள். சொல்ல ஆள் இல்லையென்றால் அரைப் பக்கத் தாளாவது கொடுங்கள். ஊசி போட்ட பிறகு முதல் அரை மணி நேரம், அவர் சொல்வது புரிகிற ஒருவர் அறைக்குள் இருக்கட்டும். டாக்டராகவோ மிஸ்ஸியாகவோ (தாதியாகவோ) இருக்க வேண்டியதில்லை, யாராக இருந்தாலும் சரி.

மொழிப் பிரச்சினையை அறுவைக் கூடத்துக்குள் இழுத்து வருகிறான் என்று நினைக்க வேண்டாம். நான் பேச வந்தது இதயத்தின் மின்சாரத்தைப் பற்றி. இந்த மடலை நோயாளிகளும் அவர்கள் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால், உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதயத்துக்கான மின் துடிப்பு மூளையிலிருந்து வருவதில்லை. வலது மேலறைச் சுவரில் உள்ள சைனஸ் கணு அதைத் தானாகவே எழுப்புகிறது. நரம்பு எதுவும் தலையிடாவிட்டால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 தடவை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூடத் துடிப்பு 90, 100 என்று இருப்பது இதனால்தான். அவர்களுடைய இதய நரம்புகள் அறுவையில் வெட்டப்பட்டுவிட்டன. நமக்கு 70 என்று இருக்கிறதே, அது வேகஸ் நரம்பு ஓயாமல் பிடித்து நிறுத்துவதால் வருவது. அதற்கு எதிர்ப்பக்கம் வேகத்தைக் கூட்டுகிற பரிவு நரம்புகள் மார்புத் தண்டுவடத்தின் முதல் நான்கு கண்டங்களிலிருந்து கிளம்பி, பெரும்பாலும் கழுத்தடியில் உள்ள ஸ்டெல்லேட் முடிச்சு வழியாக இதயத்தை அடைகின்றன. வலப்பக்கத்து நரம்புகளுக்குச் சைனஸ் கணுமேல் ஆட்சி அதிகம். இடப்பக்கத்து நரம்புகளுக்கு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள கணுமேலும் கீழறைத் தசைகள்மேலும் ஆட்சி அதிகம்.

இந்தக் கழுத்தடி முடிச்சைத் தொட்டால் இதயத்தின் மின்சாரம் மாறும் என்பது 100 ஆண்டுக்கு மேல் பழைய சங்கதி. 1916-இல் ருமேனிய அறுவை மருத்துவர் தோமா யோனெஸ்கு, நெஞ்சுவலியும் சீரற்ற துடிப்பும் இருந்த ஒருவருக்கு இடப்பக்க முடிச்சை வெட்டி எடுத்தார். 1971-இல் மாஸ், மெக்டொனால்டு என்ற இருவர், இசிஜியில் கியூடி இடைவெளி (கீழறை ஒவ்வொரு துடிப்புக்கும் மின்சாரம் ஏறி இறங்க எடுக்கும் நேரம்) நீண்டு அடிக்கடி மயங்கி விழுந்த நோயாளிக்கு அதே பக்க நரம்புகளை நீக்கிப் பலன் கண்டதை எழுதினார்கள். இன்றும் கீழறைத் துடிப்பு மருந்துக்கு அடங்காமல் திரும்பத் திரும்பத் தறிகெட்டு ஓடும்போது, ஸ்கேன் பார்த்துக் கழுத்தில் ஓர் ஊசி போட்டு அந்த முடிச்சை மரக்க வைக்கிறார்கள். தெரிந்தே போட்டால் அது வைத்தியம். தோளுக்கோ வயிற்றுக்கோ போட்ட மருந்து கேட்காமல் அந்தப் பக்கம் பரவும்போதுதான் நம் பாடு தொடங்குகிறது.

முதுகு ஊசியை எடுத்துக்கொள்வோம். 1898-இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ஆகஸ்ட் பியர் தொடங்கி வைத்த வேலை இது. இன்று சிசேரியன், இடுப்பெலும்பு, மூட்டு, பிராஸ்டேட் என்று பாதிக் கூடம் இதை நம்பித்தான் ஓடுகிறது. நாம் அதிகம் போடுவது குளுக்கோஸ் கலந்த, கனமான பியூபிவகெய்ன் என்ற மரப்பு மருந்து. தண்டுவட நீரைவிடக் கனம் என்பதால் அது பள்ளம் பார்த்து இறங்கும். அதனால் உடம்பு எப்படி இருக்கிறது என்பதே மருந்தின் பாதி. ஊசி போடும்போது, 'பொங்கோக் மச்சாம் ஊடாங்' என்று நோயாளியை இறால் மாதிரி வளையச் சொல்லி உட்கார வைக்கிறோம். உட்கார்ந்தே இருந்தால் மருந்து கீழே தங்கும். உடனே மல்லாக்கப் படுக்க வைத்தால் இடுப்பு முதுகின் மேட்டிலிருந்து வழிந்து மார்பு முதுகின் பள்ளத்துக்குப் போகும். அந்தப் பள்ளம் ஐந்தாவது, ஆறாவது மார்புக் கண்டத்துப் பக்கம். இதயத்தின் வேக நரம்புகள் கிளம்பும் இடத்துக்கு அது அடுத்த வீடு. கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தினால் இன்னும் ஏறும். சிசேரியனுக்கு முலைக்காம்பு மட்டம் வரை, அதாவது நான்காவது கண்டம் வரை மரக்க வேண்டும். ஐஸ் வைத்துச் 'சில்லென்று இருக்கிறதா' என்று பார்க்கும் எல்லைக்கும் மேலே இரண்டு கண்டங்கள் வரையாவது பரிவு நரம்புகள் அடங்கிவிடுவது உண்டு. ஆக, வயிற்றுக்குக் கணக்காகப் போட்ட மருந்தே வேக நரம்புகளை மொத்தமாக அணைத்துவிட முடியும். அப்புறம் வேகஸ் தனி ராஜ்ஜியம்.

இத்தோடு கால் இரத்தக் குழாய்களும் தளர்ந்துவிடுகின்றன. இரத்தம் காலிலேயே தங்குகிறது, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. இரத்தம் குறைந்தால் இதயம் வேகமெடுக்கும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். முதுகு ஊசிக்குப் பிறகு சில நேரம் நேர்மாறாக நடக்கும். வலது மேலறை சரியாக நிரம்பாதபோது அதன் சுவர் விரிவதில்லை, சைனஸ் கணு மெதுவாகிறது. காலியான கீழறை பலமாகச் சுருங்கும்போது அங்குள்ள உணர்விகள் வேகஸைத் தட்டிவிட்டு இன்னும் மெதுவாக்குகின்றன. கர்ப்பிணி மல்லாக்கப் படுத்தால் கருப்பை பெருஞ்சிரையை வேறு அழுத்தும். அதனால்தான் வலது இடுப்புக்கடியில் மெத்தை வைத்து இடப்பக்கம் 15 டிகிரி சாய்க்கச் சொல்கிறீர்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் முதலுதவிக் கூடாரத்தில் நின்றவர்களுக்கு இதன் ஒரு பகுதி பழக்கமானது. விரதம், வெயில், வரிசையில் நெடுநேரம் நிற்பது. இரத்தம் காலில் தேங்கும், முகம் வெளுக்கும், துடிப்பு முதலில் ஏறிப் பிறகு தடாலென்று இறங்கும், ஆள் சரிவார். கூட இருப்பவர்கள் அன்பு மிகுதியில் தூக்கி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடிப்பார்கள். படுக்க வைத்துக் காலைத் தூக்கினால் போதும் என்று தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கும். அங்கே விழுகிறவருக்கு நரம்பு வேலை செய்கிறது, தரையில் படுத்ததும் உடம்பு தானே சரி செய்துகொள்கிறது. முதுகு ஊசி போட்டவருக்கு அந்தச் சரிசெய்யும் நரம்பையே நாம் அணைத்துவிட்டோம்.

இனி, எனக்குத் தெரிந்த ஒன்று. எந்த மருத்துவமனை என்பது தேவையில்லை. இடுப்பெலும்பு முறிந்து வந்த பாட்டி. நிபோங் திபால் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலம் தள்ளியவர். முதுகு ஊசி போட்டு மல்லாக்கப் படுக்க வைத்தாகிவிட்டது. பாட்டி கொட்டாவி விட்டார். மறுபடியும் விட்டார். 'என்னமோ மாதிரி வருது, நெஞ்சுக்குள்ள எறங்குது' என்றார். துணித்திரைக்குப் பக்கத்தில் இருந்த மிஸ்ஸி அன்பாகத்தான் குனிந்து, 'ஆன்ட்டி, ஓகே தாக்?' என்று கேட்டார். பாட்டிக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். 'ஓகே, ஓகே.' பிரஷர் பட்டை அப்போதுதான் இறுகி ஓய்ந்திருந்தது, அடுத்த தடவைக்கு 3 நிமிடம் இருந்தது. திரையில் 80-இல் இருந்த துடிப்பு 60 ஆகி, 52 ஆகி, 40-ஐத் தொடும்போது மணி அடித்தது. துடிப்பை ஏற்ற அட்ரோபின் போட்டார்கள், பிரஷரை ஏற்ற எஃபிட்ரின் போட்டார்கள், சலைனை வேகமாக விட்டுக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிட்டது. டாக்டர் கெட்டிக்காரர், கை வேகமானவர். நான் அடுத்த கூடத்தில் இருந்தேன். ரிகவரி அறைக்குக் கொண்டு வந்தபோது மிஸ்ஸி மலாயிலும் பாட்டி தமிழிலுமாக எனக்குச் சொன்னது ஒரே கதை. பாட்டி முடித்த விதம் மட்டும் வேறு: 'நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் தம்பி, யாரு காதுல விழுந்துச்சு?'

கொட்டாவி, குமட்டல், நெஞ்சுக்குள் இறங்குகிற உணர்வு எல்லாம் பிரஷரும் துடிப்பும் கீழே போகும்போது வரும் ஆரம்ப அடையாளங்கள் என்று உங்களுக்குப் பாடமே இருக்கிறது. பட்டை இறுகும் இரண்டு நேரங்களுக்கு இடையே அவைதான் செய்தி. பாட்டி செய்தியைக் கொடுத்தார். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

தோள் அறுவை இன்னும் சிக்கலானது. கழுத்தோரத்தில் பிளாக் போட்டுவிட்டு நோயாளியைப் 'பீச் சேர்' நிலையில், சாய்வு நாற்காலியில் போல உட்கார வைக்கிறோம். ஆள் விழித்திருப்பார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது துடிப்பும் பிரஷரும் திடீரென்று சேர்ந்து விழும். 5 நிமிடத்துக்குள் துடிப்பு 30 குறைவது அல்லது 50-க்குக் கீழே போவது, இல்லையென்றால் மேல் பிரஷர் 30 குறைவது அல்லது 90-க்குக் கீழே போவது என்று இதற்கு இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறார்கள். இப்படி உட்கார வைத்துச் செய்யும் தோள் அறுவைகளில் 13 முதல் 28 விழுக்காட்டினருக்கு இது வந்ததாக ஆய்வுகள் எழுதியிருக்கின்றன. அரிது என்று ஒதுக்குகிற எண்ணா இது? உட்கார்ந்திருப்பதால் இரத்தம் காலில் தேங்குகிறது. பிளாக் மருந்தில் கலந்த அட்ரினலின் இதயத்தைப் பலமாகச் சுருங்க வைக்கிறது. காலிக் கீழறையும் பலமான சுருக்கமும் சேர்ந்தால் வேகஸ் எழுந்துவிடுகிறது. கழுத்தில் போட்ட மருந்து ஸ்டெல்லேட் முடிச்சுக்கும் கசிவது சாதாரணம். ஒரு பக்கக் கண்ணிமை தொங்கிப் பாவை சுருங்கினால் அங்கே போய்விட்டது என்று அர்த்தம். நோயாளியின் பிள்ளைகள் அந்தக் கண்ணைப் பார்த்துப் பக்கவாதம் வந்துவிட்டதென்று ரிகவரி வாசலில் அழுததையும் பார்த்திருக்கிறேன். முன்பே ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த அழுகை இல்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து, மரப்பு மருந்து தப்பி இரத்தத்தில் கலப்பது. பியூபிவகெய்ன், இதயத் தசையில் மின்சாரத்தைக் கிளப்பும் சோடியம் வாயில்களுக்குள் சட்டென்று நுழைந்துவிடும், வெளியே வர மனசே இருக்காது. இசிஜியில் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் போகும் நேரமான பிஆர் இடைவெளி நீளும், கீழறையில் மின்சாரம் பரவுவதைக் காட்டும் கியூஆர்எஸ் அகலும், அப்புறம் துடிப்பு தறிகெடும், நின்றும் போகும். 1979-இல் ஜார்ஜ் ஆல்பிரைட் இப்படி நின்ற இதயங்களைப் பற்றி எழுதி மயக்க மருந்து உலகத்தையே உலுக்கினார். 1998-இல் கை வைன்பெர்க் எலிகளில் கொழுப்புக் கரைசல் கொடுத்து அந்த விஷத்தின் வேகம் தணிவதைக் காட்டினார். 2006-இல் அதே முறையில் ஒரு மனிதரைப் பிழைக்க வைத்த செய்தி வெளிவந்தது. இன்று பிளாக் போடும் இடத்தில் 20 விழுக்காடு கொழுப்புக் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முதல் அளவு கிலோவுக்கு 1.5 மில்லிலிட்டர் என்பது சுவரில் ஒட்டி வைக்கும் விதி. அளவுக் கணக்கும் அப்படித்தான். பியூபிவகெய்ன் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால், 60 கிலோ ஆளுக்கு 0.5 விழுக்காடு மருந்தில் 24 மில்லிலிட்டர், 45 கிலோ பாட்டிக்கு 18 மில்லிலிட்டர்தான் எல்லை. நம் தோட்டத்துப் பாட்டிகள் பலர் 45-ஐத் தாண்டாதவர்கள்.

இந்த விஷம் பெரும்பாலும் முன்னறிவிப்போடு வரும். உதட்டைச் சுற்றி மரக்கும், வாயில் இரும்புச் சுவை அடிக்கும், காதில் ரீங்காரம் கேட்கும், காரணமில்லாத ஒரு பரபரப்பு. அதற்கப்புறம் வலிப்பு, அதற்கும் அப்புறம் இதயம். சில நேரம் முன்னறிவிப்பு இல்லாமல் நேரே இதயத்தில் கை வைப்பதும் உண்டு, அதை மானிட்டரும் நீங்களும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் முன்னறிவிப்பு வரும் நேரங்களில் இரும்புச் சுவையைக் காட்டுகிற மானிட்டர் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. நோயாளியின் வாய் மட்டுமே காட்டும்.

ஒருமுறை காட்டியது. பட்டர்வொர்த்திலிருந்து வந்த லாரி டிரைவர், தோள் மூட்டு அறுவை. டாக்டர் மலாய்க்காரர், பொறுமைசாலி, ஸ்கேன் பார்த்து 5 மில்லிலிட்டர் 5 மில்லிலிட்டராக நிறுத்தி நிறுத்திப் போடுபவர். பாதி மருந்து போயிருக்கும். டிரைவர், வலிக்கிறதா என்ற கேள்விக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தவர், தள்ளுவண்டியோடு கதவோரம் நின்ற தமிழ் அட்டெண்டன்ட் பக்கம் திரும்பி, 'அண்ணே, ஒதடு செத்துப்போன மாதிரி இருக்கு, வாயெல்லாம் இரும்பு ருசி' என்றார். அட்டெண்டன்ட் அதை அப்படியே மலாயில் சொன்னார். டாக்டர் ஊசியை வெளியே எடுத்துவிட்டார். திரையில் நாலைந்து அகலமான துடிப்புகள் வந்து போயின. ஆக்சிஜன் கொடுத்து, கொழுப்புக் கரைசல் பையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அது தேவைப்படவில்லை. அன்று அறுவை தள்ளிப்போனது, டிரைவர் நல்லபடியாக வீட்டுக்குப் போனார். அந்த அட்டெண்டன்ட் அன்றைக்கு எக்ஸ்ரே அறைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கு விருப்பமில்லை.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். கூடத்து வாசலில் பலமுறை கேட்டவைதான்.

'எல்லாருக்கும்தான் மலாய் தெரியுமே.' பிள்ளைகளுக்குத் தெரியும், பேரப்பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 70 தாண்டிய அம்மாக்களுக்குப் பாசாரில் மீன் வாங்குகிற அளவுக்குத் தெரியும். குளிர் அறையில், பல்செட்டைக் கழற்றிவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது அந்த மலாய் வராது. பயத்தில் வருவது தாய்மொழி ஒன்றுதான்.

'தமிழ் டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே.' இருக்கிறார்கள், பெருமைதான். ஆனால் கூடத்துக்குள் நுழைந்ததும் வாயில் ஆங்கிலம் ஏறிக்கொள்கிறது. கோபித்துக்கொள்ள வேண்டாம் டாக்டர், நீங்கள் வெளியே காப்பிக் கடையில் பேசுகிற தமிழே போதும், இலக்கணம் யாரும் திருத்த மாட்டார்கள்.

'தூக்க மருந்து கொடுத்துவிடுகிறோம், பயம் இருக்காது.' இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய பதில். ஆழமாகத் தூங்க வைத்துவிட்டால் உதடு மரத்ததைச் சொல்ல வேண்டியவரையே அடைத்துவிட்டோம். பிளாக் போடும் அந்தச் சில நிமிடங்களாவது பேச்சுக்குப் பதில் சொல்லும் நிலையில் ஆள் இருக்கட்டும். மொழி தெரியாததால் சமாதானப்படுத்த முடியவில்லை, அதனால் தூக்க மருந்தைக் கூட்டினோம் என்று நடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

'நேரம் எங்கே?' நான் கேட்பது அரைப் பக்கம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'அம்மா, ஐயா, உங்களுக்கு மரத்துப்போகும் ஊசி போடப் போகிறோம். ஊசி போட்டதும் கால் அல்லது கை சூடாகி, கனத்து, மரத்துப்போகும். அது சரிதான், பயப்படாதீர்கள். இந்த ஊசி இதயத்தின் வேகத்தையும் பிரஷரையும் குறைக்கலாம். தலை சுற்றினால், குமட்டினால், கொட்டாவி மேல் கொட்டாவி வந்தால், நெஞ்சுக்குள் ஏதோ இறங்குவது போல் இருந்தால், மூச்சு விடச் சிரமமாக இருந்தால், முதுகில் ஊசி போட்ட பிறகு கைவிரல்கள் மரத்தால் உடனே சொல்லுங்கள். உதடு மரத்தால், வாயில் இரும்பு ருசி அடித்தால், காதில் சத்தம் கேட்டால் அதையும் உடனே சொல்லுங்கள். நாங்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். நாங்கள் சொல்லாமல் எழுந்து உட்கார வேண்டாம், திரும்பிப் படுக்கவும் வேண்டாம். வார்டுக்குப் போன பிறகும் முதல் தடவை எழுந்திருக்கும்போது மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள்.'

அவ்வளவுதான். 'தொந்தரவு என்று நினைக்க வேண்டாம்' என்ற வரியை மட்டும் தயவு செய்து வெட்டிவிடாதீர்கள். நம் ஆட்கள் டாக்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்றே வளர்க்கப்பட்டவர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். இந்த நாட்டில் நீரிழிவு அதிகம் இருப்பது இந்தியர்களிடம்தான் என்று தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நீரிழிவு நெடுநாள் இருந்தால் கால் நரம்பு மட்டும் கெடுவதில்லை, இதயத்துக்குப் போகும் வேகஸும் பரிவு நரம்பும் மெல்ல மெல்லச் சாகும். அப்படிப்பட்டவருக்கு முதுகு ஊசி போட்டால் சரிசெய்துகொள்ளும் சக்தி ஊசிக்கு முன்பே பாதி போயிருக்கும், பிரஷர் விழுவது பெரிதாக இருக்கும். இதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். எடின்பரோவில் யூயிங், கிளார்க் என்ற இருவர் 1970-களிலும் 80-களிலும் பழக்கத்துக்குக் கொண்டுவந்த படுக்கையோரச் சோதனைகளில் ஒன்று போதும். இசிஜி ஓடிக்கொண்டிருக்கும்போதே படுத்திருப்பவரை எழுந்து நிற்கச் சொல்ல வேண்டும். நல்ல நரம்பு உள்ளவருக்கு 15-ஆவது துடிப்பு வாக்கில் வேகம் உச்சத்துக்குப் போய், 30-ஆவது துடிப்பு வாக்கில் கொஞ்சம் அடங்கும். 30-ஆவது துடிப்பு இடைவெளியை 15-ஆவது இடைவெளியால் வகுத்தால் 1.04-க்குக் குறையக் கூடாது. 1.00 அல்லது அதற்கும் கீழே என்றால் நரம்பு கெட்டிருக்கிறது. துடிப்பு ஏற்கெனவே சீரில்லாதவர்களுக்கும் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் இது உதவாது. மற்றவர்களுக்கு ஒரு முழ இசிஜித் தாளும் நிற்க வைக்க ஒரு கையும்தான் செலவு. அறுவைக்கு முந்தைய கிளினிக்கில், 10 ஆண்டுக்கு மேல் நீரிழிவு உள்ளவர்களுக்காவது இதைச் செய்யலாமே? எப்படியும் இசிஜி எடுக்கத்தான் போகிறோம்.

அப்படி எடுக்கும் தாளில், எந்த நிலையில் எடுத்தது என்று ஒரு சொல் எழுதி வைக்கும் பழக்கமும் வர வேண்டும். மல்லாக்கப் படுத்து எடுப்பதுதான் முறை. ஆனால் இதயம் பலவீனமானவர், மூச்சு வாங்குகிறவர், கூன் விழுந்தவர் படுக்க முடியாமல் அரையாக உட்கார்ந்தே எடுத்துக்கொள்கிறார். இதயம் நெஞ்சுக்குள் இடம் மாறுகிறது, மின்சாரம் ஓடும் திசையான கியூஆர்எஸ் அச்சு திரும்புகிறது. பக்கவாட்டில் சாய்ந்தாலும் மாறும். எழுந்து நின்றால் துடிப்பு ஏறும், சிலருக்குக் கீழறை ஓய்வுக்குத் திரும்புவதைக் காட்டும் டி அலை தட்டையாகும், தலைகீழாகக்கூடப் போகும், இதயத்தில் ஒரு கோளாறும் இருக்காது. துடிப்பு தறிகெட்டால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய, தோலுக்கடியில் வைக்கும் கருவிக்குத் தகுதி பார்க்கும்போது இதய மருத்துவர்கள் படுக்க வைத்து ஒருமுறை, உட்கார வைத்தோ நிற்க வைத்தோ ஒருமுறை இசிஜி எடுக்கிறார்கள், அந்த அளவுக்கு இது தெரிந்த விஷயம். நம் தாளில் மட்டும் அந்த ஒரு சொல் இருக்காது. போன மாதம் படுத்து எடுத்ததையும் இன்று சாய்ந்து எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 'மாறியிருக்கிறதே' என்று அறுவையைத் தள்ளிப்போட்டு, கோலாலம்பூர் வரை அனுப்பி, அங்கே ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட ஆட்கள் உண்டு. பஸ் டிக்கெட் அவர்கள் காசு, கூடப் போன மகனின் சம்பள நாளும் போச்சு. அறுவைக்குப் பின் எடுக்கும் இசிஜியில் 'கழுத்து பிளாக், வலது' என்று சேர்த்து எழுதுவதும் அதே மாதிரிதான். முதலில் சொன்ன வலது இடது வித்தியாசத்தை நினைத்துப் பாருங்கள். இரவு ஷிப்டில் அந்தத் தாளைப் பார்க்கிற இளம் டாக்டருக்கு அது பெரிய உதவி.

கண் அறுவைக்காரர்களுக்கும் ஒரு வரி: கண்ணைச் சுற்றிய தசையை இழுத்தால் துடிப்பு சட்டென்று இறங்கும் என்பது 1908-லிருந்தே தெரிந்தது. அதைத் தடுக்கப் போடும் ஊசியே சில நேரம் அதைக் கிளப்பிவிடுவதும் உண்டு. அந்தக் கட்டிலிலும் தமிழ் பேசும் பாட்டிகள் படுத்திருக்கிறார்கள்.

அரைப் பக்கத் தாளைத் தமிழில் எழுதித் தர என்னைப் போல ஓய்வு பெற்ற மிஸ்ஸிகளும் உதவியாளர்களும் ஜார்ஜ் டவுனிலும் செபராங் பிறையிலும் இருக்கிறோம், காசு கேட்க மாட்டோம். மருத்துவம் சரியா என்று நீங்கள் பாருங்கள். இதே தாள் நேப்பாளியிலும் வங்காளத்திலும் பர்மிய மொழியிலும் வந்தால் இன்னும் நல்லது, தொழிற்சாலைகளிலிருந்து கை நசுங்கி வருகிறவர்கள் அவர்கள்தான். அச்சுக்குப் போகும் முன் வார்டில் படுத்திருக்கும் ஓர் அம்மாவிடம் வாசித்துக் காட்டி, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எந்த வரியை அவரால் திருப்பிச் சொல்ல முடியவில்லையோ, அதை மாற்றி எழுதிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மருத்துவ உதவியாளர்,
பட்டர்வொர்த், பினாங்கு